மூன்றாவது சிடியும் தோனா நேய்வாவின் முத்திரையும்

எங்கள் குழுவில் கட்டற்ற மென்பொருளின் பொது உரிமத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தவர் தோனா நேய்வா ராத்கே ஒருவர்தான். மற்றவர்கள் அதை நம்பினோம், அதன் பெயரால் சண்டை போட்டோம், சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டோம். படித்ததில்லை. நம்புகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

தெற்கு பிரேசிலின் பெலோத்தாஸ் நகரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் கணினிக்கூடம் இருந்தது. எட்டுக் கணினிகள், அவற்றில் ஆறு ஓடும். சனிக்கிழமை காலையில் கூடுவோம். கீழேயிருந்து ரொட்டி வேகும் வாசனை ஏறி வரும். மாத்தே தேநீர்க் குடுவை கைமாறிக்கொண்டே இருக்கும். யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளால் உலகம் இன்னும் பத்து வருடத்தில் மாறிவிடும் என்று ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் சொல்வார். உலகம் மாறியதா என்பதில் எனக்கு இப்போதும் தீர்மானமில்லை. அந்தச் சனிக்கிழமைகள் நன்றாக இருந்தன என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

2003இல் தோனா நேய்வா, அதாவது நேய்வா அம்மா, அங்கே வந்தது மின்னஞ்சல் கற்றுக்கொள்ள. நாட்டின் மறுகோடியிலுள்ள ரொந்தோனியாவுக்குக் குடிபோன தங்கைக்குக் கடிதம் எழுதினால் பதினைந்து நாள் ஆகிறது என்றார். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. சாம்பல் பாவாடை, கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் கண்ணாடி. பிறந்தது, ஜெர்மன் பக்கத்திலிருந்து வந்து மேட்டு நிலத்தில் குடியேறிய பொமரேனியக் குடியானவர்கள் வீட்டில். ஏழு வயதில் பள்ளிக்குப் போகும்வரை போர்த்துகீசில் ஒரு வார்த்தை தெரியாது. அந்த மொழியை அவர் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டார். ஆகவே கடைசிவரை புத்தகம்போலவே எழுதினார். பத்தொன்பது வயதில் நகரத்து நோட்டரி அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, முப்பத்தொரு வருடம் ஒரே நாற்காலியில் இருந்து ஓய்வுபெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரோ கேட்டதற்கு, "சாட்சிக் கையெழுத்துப் போட்டுப் போட்டே அலுத்துப்போச்சு" என்றாராம்.

மின்னஞ்சல் கற்றது ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. போகிற நேரத்தில் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, "இது என்ன ஆவணம்?" என்றார்.

"எங்க லைசென்ஸ்" என்றான் ருதினெய். பள்ளியில் கணினி ஆசிரியர், இருபத்தாறு வயது. எங்களில் தீவிரமானவன் அவன்தான்.

"மொதல் பக்கம்தான ஒட்டியிருக்கு. மிச்சம் எங்க?"

மிச்சம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தேடி அச்செடுத்துக் கொடுத்தோம். வீட்டுக்குக் கொண்டுபோய் அடுத்த சனிக்கிழமை, ஓரங்களில் பென்சில் குறிப்புகளோடு திரும்பி வந்தார். "எழுதுனவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு. அன்றிலிருந்து குழுவின் காகிதங்கள் எல்லாம் அவர் கைக்குப் போயின. நாங்கள் கேட்டுக்கொண்டோமா, அவரே எடுத்துக்கொண்டாரா என்பது நினைவில்லை.

அவரை அபூர்வமான மனுஷி என்று சொல்ல மாட்டேன். பிடிவாதம் உண்டு. தாளின் ஓரம் மடிந்திருந்தால் திருப்பி அனுப்பும் குணம் உண்டு. ஆனால் தான் கையெழுத்துப் போட்ட காகிதத்துக்குத் தானே பொறுப்பு என்று நிஜமாகவே நினைத்த ஆட்களில் நான் நேரில் பார்த்தது இரண்டு மூன்று பேர். அவர் அதில் ஒருவர்.

வருடத்துக்கு ஒரு சிடி தயாரித்து இலவசமாகக் கொடுப்போம். இணையம் தொலைபேசிக் கம்பி வழியாக முக்கி முனகி வந்த காலம் அது. யாராலும் எதையும் முழுதாக இறக்கிக்கொள்ள முடியாது. ஆகவே ஒரு கட்டற்ற இயங்குதளம், அலுவலக மென்பொருள், அவற்றோடு ஊர்க்காரர்கள் எழுதிய சின்னச் சின்ன நிரல்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் எழுதுவோம். எழுதித் தள்ளுவது என் வேலை. தோனா நேய்வா வந்த பிறகு ஒவ்வொரு சிடிக்கும் எண் வந்தது. எந்த எண் யாரிடம் போனது என்று ஒரு பதிவேடும் வந்தது. நாங்கள் சிரித்தோம்.

மூன்றாவது சிடி தயாராகிக்கொண்டிருந்த 2004 செப்டம்பரில்தான் அல்மீரோ ஐயா, எங்கள் வழக்கில் ஸெவு அல்மீரோ, ஒரு பிளாப்பியோடு படியேறி வந்தார்.

துறைமுகத்தில் நீர்மட்டம் பார்க்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர் அவர். எங்கள் காயலில் நீர் ஏறுவதும் இறங்குவதும் நிலாவைப் பார்த்தல்ல, காற்றைப் பார்த்து. எந்தப் பக்கக் காற்று எத்தனை மணி நேரம் அடித்தால் மீனவர் குடியிருப்புக்கு எதிரேயுள்ள மணல்திட்டுகளின்மேல் எத்தனை சாண் தண்ணீர் நிற்கும் என்று அவர் நோட்டு நோட்டாக எழுதி வைத்திருந்தார். ஓய்வுபெற்றபின் பாஸ்கல் என்ற பழைய நிரல்மொழியைத் தானாகவே கற்று, அந்த நோட்டுகளை ஒரு நிரலாக மாற்றியிருந்தார். காற்றின் திசையும் நேரமும் கொடுத்தால் போதும், சாண் கணக்கில் ஒரு எண் வரும். படகு திட்டைத் தாண்டலாமா கூடாதா என்று அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

"யாருக்கு வேணும்னாலும் குடுங்க" என்றார் அவர். "ஆனா யாரும் அதுல கை வைக்கக்கூடாது. என் பேர் போட்டிருக்கேன்."

"ஏன் ஸெவு அல்மீரோ, யாராவது இன்னும் நல்லா ஆக்கினா என்ன?" என்றான் ருதினெய்.

"நல்லா ஆக்கணும்னா அவனவன் இருபத்திரண்டு வருஷம் மழையில நின்னு தண்ணி அளக்கற கோலைப் பாக்கட்டும்."

ருதினெய்க்கு இஷ்டமில்லை. ஆனால் மீனவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிளாப்பியில் நிரலும், அதை மாற்றத் தேவையான மூலநிரலும் இருந்தன. கூடவே மூன்று வரிக் கோப்பு ஒன்று: பிரதி எடுக்கலாம், மாற்றக்கூடாது, அல்மீரோ. அவர் எதையும் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகக் கொடுத்தார். நாங்களும் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக வாங்கிக்கொண்டோம்.

தவறு நடந்தது அதற்குப் பிறகு. சிடிக்கான கோப்புகளைப் புரட்டிக்கொண்டு வந்த தோனா நேய்வாவுக்கு ஒன்று கண்ணில் பட்டது: பாதிக் கோப்புகளின் தலையில் உரிம அறிவிப்பே இல்லை. நோட்டரி அலுவலகத்தில் நூறு பக்க ஆவணம் என்றால் நூறு பக்கத்திலும் முத்திரை விழும், சுருக்கொப்பம் விழும். முத்திரை இல்லாத பக்கம் சந்தேகத்துக்குரிய பக்கம். அதை யாரோ நடுவில் செருகியிருக்கலாம். முப்பத்தொரு வருடம் அப்படிப் பார்த்த கண் அது.

"இதையெல்லாம் ஒவ்வொண்ணா தெறந்து எழுத முடியுமா?" என்று கேட்டார்.

"எதுக்கு? பத்து நிமிஷம் குடுங்க" என்றான் ருதினெய். பத்து நிமிடத்தில் ஒரு குட்டி நிரல் எழுதினான். எழுத்துக் கோப்பு எது அகப்பட்டாலும் அதன் தலையில் பொது உரிம அறிவிப்பை ஒட்டிவிடும். தோனா நேய்வா விசையைத் தட்டினார். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கோப்புகள். அவர் முகத்தில் அன்று வந்த திருப்தியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே குத்தில் எல்லாப் பக்கத்துக்கும் முத்திரை.

ஸெவு அல்மீரோவின் மூலநிரலுக்கும் சேர்த்து. அவருடைய மூன்று வரிக் கோப்புக்கும் சேர்த்து. "யாரும் மாற்றலாம்" என்று மேலே. "மாற்றக்கூடாது, அல்மீரோ" என்று கீழே.

இருநூற்று நாற்பது சிடிகள் எழுதினேன். நானும் பார்க்கவில்லை.

மறு வருடம் ஏப்ரலில், இறால் பருவம் உச்சத்தில் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை ஸெவு அல்மீரோ வந்தார். கூடவே ஜுரேமா. மீனவர் குடியிருப்புக் கூட்டுறவின் கணினியைப் பார்த்துக்கொள்கிறவள். அவளும் புருஷனும் சொந்தப் படகு வைத்திருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

"எங்க படகு நாள் பூரா திட்டுல குந்திக்கிட்டு இருந்துச்சு" என்றாள். "ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. இறால் போச்சு. ஐஸ் உருகி, எல்லாம் நாறி, கொண்டுபோய்க் கொட்டினோம். ஸெவு அல்மீரோவோட புது புரோகிராம் பாத்துட்டுத்தான் போனாங்க."

"நான் புதுசா எதுவும் பண்ணலை" என்றார் ஸெவு அல்மீரோ.

விஷயம் அரை மணியில் தெளிவானது. காயலின் மறுகரையில் ஒரு மாணவன், எங்கள் சிடி ஒன்றிலிருந்து மூலநிரலை எடுத்து, ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி, 'புதிய பதிப்பு' என்று தன் வலைப்பக்கத்தில் போட்டிருந்தான். அல்மீரோவின் பெயரை எடுக்கவில்லை. அது மரியாதை என்று நினைத்திருப்பான். கூட்டுறவுக் கணினியில் யாரோ அதை இறக்கி வைத்திருக்கிறார்கள்.

ருதினெய் இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தான். "ஒரே ஒரு வரிதான் வித்தியாசம். கடைசியில வர்ற எண்ணுலருந்து ஒண்ணு கழிக்கிறாரு. அதை எடுத்துட்டான். சரியாத்தான பண்ணியிருக்கான்? ஸெவு அல்மீரோ, எதுக்கு இந்த ஒண்ணு?"

ஸெவு அல்மீரோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காதெல்லாம் சிவந்துவிட்டது. திட்டின்மேல் நான்கு சாண் தண்ணீர் இருந்தால் அவருடைய நிரல் மூன்று என்று சொல்லும். துறைமுகத்தில் வாயால் எண் சொன்ன காலத்திலிருந்தே யாருக்கும் தெரியாமல் ஒரு சாணை அவர் ஒளித்து வைத்திருந்தார். மீனவர்கள் படகில் அளவுக்குமேல் ஏற்றுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"சொல்லட்டுமா?" என்றாள் ஜுரேமா. "இவரு பயந்தாங்கொள்ளி. எப்பவும் கொறைச்சுதான் சொல்வாருன்னு எங்க ஊருக்கே தெரியும். அதனால நாங்க எப்பவும் ஒரு சாண் சேத்துக்குவோம்."

"நீங்க சேத்துக்குவீங்கன்னு தெரிஞ்சுதான் நான் கொறைச்சேன்" என்றார் ஸெவு அல்மீரோ, ஜன்னலைப் பார்த்தபடியே.

யாரோ சிரித்தார்கள். அநேகமாக நான்தான். ஆனால் படகு ஏன் தரைதட்டியது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மாணவன் உண்மையான எண்ணைக் கொடுத்தான். படகுக்காரர்கள் வழக்கம்போல அதற்குமேல் ஒரு சாண் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு பொய்கள் ஒன்றையொன்று தாங்கி நின்ற இடத்தில் ஒருவன் ஒரு உண்மையைக் கொண்டுவந்து வைத்தான். ஒருவர் பொய்யை மற்றவர் கணக்கில் சேர்த்துக்கொள்வது கப்பல் சாஸ்திரத்தைவிடப் பழைய சாஸ்திரம்.

"எடுத்துடுங்க" என்றார் ஸெவு அல்மீரோ. "அவன்கிட்டருந்தும் எடுங்க, உங்க சிடியிலருந்தும் எடுங்க. நாளைக்கு ஒருத்தன் செத்தா என் பேருதான் வரும்."

"எடுக்க முடியாதே" என்றான் ருதினெய். குரலில் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் சிரமம். "நம்ம சிடியில வந்துச்சு. நம்ம சிஸ்டத்தோட சேந்து வந்துச்சு. ஒண்ணா வந்தா ஒரே லைசென்ஸ்தான். அந்தப் பையன் சட்டப்படிதான் மாத்தியிருக்கான். பாருங்க, தலைப்புலயே இருக்கு."

அன்று நானும் அவன் பக்கம்தான். எங்கள் கூடையில் விழுந்த எதுவும் எங்கள் நிறத்துக்கு மாறிவிட வேண்டும் என்று ஒரு ஆசை எல்லோருக்கும் இருந்தது. அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருந்தோம்.

 தோனா நேய்வா திரையில் தெரிந்த தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ருதினெய், ஒண்ணு கேக்கறேன். இவரு நம்ம சிஸ்டத்துலருந்து ஒரு வரியாவது எடுத்து இதை எழுதினாரா?"

"இல்ல."

"இது இல்லாம நம்மது ஓடுமா?"

"ஓடும்."

"நம்மது இல்லாம இது ஓடுமா?"

"அவர் வீட்டுல பழைய மெஷின்ல ஓடிட்டுதான் இருக்கு."

"அப்புறம் எப்படி இது நம்மளோடது?"

"ஒரே சிடி, தோனா நேய்வா."

"எங்க ஆபீஸ்ல ஒரே புத்தகத்துல பன்னெண்டாம் பக்கம் ஒருத்தரோட உயில், பதிமூணாம் பக்கம் இன்னொருத்தர் வீடு வாங்கின பத்திரம். ரெண்டும் ஒரே அட்டைக்குள்ள இருக்கு. அதுக்காக உயில்ல இருக்கற மருமகன் அந்த வீட்டுக்குள்ள போய் உக்காந்துக்க முடியுமா?"

ஜுரேமா சிரித்தாள். ருதினெய் சிரிக்கவில்லை.

"அது உங்க ஆபீஸ் சட்டம். இது வேற."

"இதுலயும் இருக்குப்பா. ரெண்டாம் பிரிவோட கடைசியில. நீ படிச்சதில்ல." பையிலிருந்து பென்சில் குறிப்புள்ள தாள்களை எடுத்தார். அங்கே நாலு வரிதான் இருந்தது. உரிமத்துக்கு உட்பட்ட ஒன்றின் பக்கத்தில், அதிலிருந்து உருவாகாத வேறொன்றை ஒரே தட்டில் வெறுமனே சேர்த்து வைத்தால், அந்த வேறொன்று இந்த உரிமத்துக்குள் வராது. அவர் அதை இரண்டு முறை படித்தார், அலுவலகத்தில் கட்சிக்காரர்களுக்குப் படிப்பதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

ருதினெய் தாளை வாங்கிப் பார்த்தான். நேரம் எடுத்துக்கொண்டான். "சரி, பக்கத்துல இருந்தா ஒட்டாது. ஒத்துக்கறேன். ஆனா இங்க பக்கத்துல மட்டும் இல்லையே. இவரோட கோப்பு தலையிலயே நம்ம அறிவிப்பு இருக்கே. அதைப் பாத்துதான அந்தப் பையன் மாத்தினான்?"

 முத்திரை யார் குத்தியது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஸெவு அல்மீரோவுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருந்தால் தெரியாமலே போயிருக்கும். அவருடைய கவனக்குறைவு என்றே முடிந்திருக்கும். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்.

"அது நான் குத்தினது" என்றார் தோனா நேய்வா. "ஸெவு அல்மீரோ, நீங்க எழுதின தாளுக்கு மேல நான் முத்திரை போட்டுட்டேன். உங்களைக் கேக்கலை. உங்களோடதை ஊருக்கு எழுதிக் குடுக்க எனக்கு என்ன பாத்தியதை? எங்கிட்ட இல்லாததை நான் எப்படிக் குடுக்க முடியும்? அந்த முத்திரை செல்லாது."

"நான்தான அந்த ஸ்கிரிப்ட் எழுதினேன்" என்றான் ருதினெய், மெதுவாக.

"நீ முத்திரை செஞ்சு குடுத்தே. குத்தினது யாரு?"

ஸெவு அல்மீரோ அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "செல்லாதுன்னு நீங்க இங்க சொல்லிட்டீங்க. வெளிய எத்தனை சிடி இருக்கு?"

"இருநூத்தி நாப்பது. யாருகிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அப்போதுதான் அந்தப் பதிவேட்டின் அருமை எங்களுக்குத் தெரிந்தது. ஸெவு அல்மீரோ பிளாப்பியைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். ஜுரேமா படியில் நின்று, "அப்போ எங்களுக்கு எண் யாரு சொல்றது?" என்றாள். 

தோனா நேய்வா முதலில் அந்த மாணவனுக்கு எழுதினார். அவன் உடனே பதில் போட்டான்: உங்கள் அறிவிப்பை நம்பித்தானே செய்தேன், இப்போது இல்லை என்றால் எப்படி? நியாயமான கேள்வி. அவருடைய பதிலை நான் பார்த்தேன், ஏனென்றால் அவர் கையால் எழுதிக் கொடுத்ததைத் தட்டச்சு செய்து அனுப்பியது நான். நீங்கள் தவறு செய்யவில்லை, தவறு என்னுடையது, செல்லாத கையெழுத்தை நம்பியவருக்கு வருத்தம் தெரிவிப்பது கையெழுத்துப் போட்டவரின் கடமை, ஆயினும் பொருள் அதன் சொந்தக்காரருடையதே. இத்துடன் முழுப்பெயர், அடையாள எண், முகவரி. இரண்டு நாளில் அவன் வலைப்பக்கத்திலிருந்து எடுத்துவிட்டான். எடுத்துவிட்டதாக எழுதிய பதிலின் கடைசியில், ஏதோ பழைய பத்திரத்துக்குப் பதில் எழுதுவதுபோல் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்திருந்தான்.

பிறகு சிடிகள். மே, ஜூன், ஜூலை என்று மூன்று மாதம். நகரத்துக்குள் பேருந்தில் போனார். லரஞ்சால் என்ற காயல்கரைக்கும் மேட்டு நிலத்துக்கும் நான் என் பழைய காரில் கொண்டுபோய் விட்டேன். எங்கள் பக்கத்தில் அது குளிர்காலம், மினுவானோ என்ற தென்மேற்குக் காற்று காதை அறுக்கும். ஒவ்வொரு வாசலிலும் அதே வாக்கியம்: "நாங்கள் கொடுத்த தட்டில் என் தவறு ஒன்று இருக்கிறது." கொடுத்துவிட்டு மாற்றுத் தட்டு வாங்கிக்கொண்டவர்கள் பாதிப் பேர். சிலர் கோப்பைக்கு அடியில் வைத்திருந்தார்கள். பறவை கொத்தாமல் இருக்கத் திராட்சைக் கொடியில் கட்டித் தொங்கவிட்டவர் ஒருவர்.

"இதைக் கூடவா எடுக்கணும்?" என்றேன். "இதை யாரும் படிக்கப் போறதில்லையே."

"நூத்தி பன்னெண்டு" என்று எண்ணைப் படித்துப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். "அவுத்துக் குடுக்கச் சொல்லு."

இருநூற்றுப் பத்தொன்பது திரும்பி வந்தன. இருபத்தொன்று கிடைக்கவில்லை. அந்த இருபத்தொன்றின் எண்களையும் தனித்தாளில் எழுதி, எதிரே கையெழுத்துப் போட்டு, ஸெவு அல்மீரோ வீட்டுக்குத் தானே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அவர் வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டார், உள்ளே கூப்பிடவில்லை என்று பிறகு சொன்னார். குறையாகச் சொல்லவில்லை.

இப்போது யோசிக்கும்போது, எங்கள் குழு செய்த காரியங்களில் கொஞ்சம் கனமானது அதுதான் என்று தோன்றுகிறது. கூட்டங்கள், கொடிகள், சட்டைகள் எல்லாம் கரைந்துவிட்டன. கொடுப்பதைப் பற்றி நாங்கள் பேசியது ஏராளம். கொடுக்க வேண்டுமென்றால் முதலில் அது நம்முடையதாக இருக்க வேண்டும் என்ற சின்ன விஷயத்தை, கையில் ஒரு பையோடு வாசல் வாசலாக ஏறி இறங்கி எங்களுக்குக் காட்ட ஒரு ஓய்வுபெற்ற எழுத்தர் தேவைப்பட்டார்.

நான்காவது சிடிக்கான வேலை செப்டம்பரில் தொடங்கியது. ருதினெய் அந்தக் குட்டி நிரலை அழித்திருந்தான். ஊர்க்காரர்களின் நிரல்களுக்குத் தனித்தனிக் கோப்புறை, ஒவ்வொன்றிலும் அவரவர் கைப்பட எழுதிய நிபந்தனை. முகப்பில் தோனா நேய்வாவின் நான்கு வரி: இதில் உள்ளவை பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டவை, ஒன்றின் நிபந்தனை மற்றதைக் கட்டுப்படுத்தாது. காயல் நிரலுக்கு மட்டும் கோப்புறை இல்லை. ஜுரேமா ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டுவிட்டுப் போவாள். மீனவர்கள் பழைய பிரதியை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டுறவின் கணினி எந்த நாளிலும் சாகலாம் என்ற நிலையில் இருந்தது.

தட்டு எழுத இரண்டு நாள் இருக்கும்போது ஸெவு அல்மீரோ படியேறி வந்தார். பிளாப்பியை மேசைமேல் வைத்தார். இந்த முறை மூலநிரல் இல்லை, ஓடும் நிரல் மட்டும். மூன்று வரிக் கோப்பு அப்படியே இருந்தது.

தோனா நேய்வா ரசீது எழுதிக் கொடுத்தார். ஸெவு அல்மீரோ அதை முழுதாகப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

"ஸெவு அல்மீரோ, கோவிச்சுக்காதீங்க" என்றான் ருதினெய். "இப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே. எண்ணுக்குக் கீழ ஒரு வரி போட்டுடலாமே, 'இதில் ஒரு சாண் குறைத்துச் சொல்லப்பட்டுள்ளது'ன்னு. நேர்மையா இருக்கும்."

"போட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்றார் ஸெவு அல்மீரோ. "அந்த வரிக்காக ஒரு சாண் சேத்துக்குவாங்க. அப்புறம் நான் பயந்தாங்கொள்ளிங்கறதுக்காக இன்னொரு சாண் சேத்துக்குவாங்க."

"சேத்துக்குவோம்" என்றாள் ஜுரேமா.

 ருதினெய் தோனா நேய்வாவைப் பார்த்தான். அவர் பிளாப்பியை என்னிடம் நீட்டினார்.

"அப்படியே வைப்பா" என்றார். "தெறந்து பாக்காத."